டாக்டர் வண்டி சார்: ஒப்பந்தம் போடும்போது கேட்க வேண்டியதும் எழுதி வாங்க வேண்டியதும்

ஏழு வருடம் ஓடிய ஒரு காரை 2,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். புரோக்கர் பானெட்டைத் தூக்கிக் காட்டி, "டாக்டர் வண்டி சார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போயிருக்கு" என்றார். மீட்டர் 41,000 காட்டியது. மூன்றாம் மாதம் கிளட்ச் போனது. வண்டியைப் பார்த்த மெக்கானிக் கிளட்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, பெடலின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். வரிவரியாக இருக்க வேண்டிய ரப்பர் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. "நாப்பதாயிரத்துல இப்படித் தேயாது சார்" என்றார். சர்வீஸ் சென்டரில் வண்டியின் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். எனக்கு விற்பதற்கு ஒன்றரை வருடம் முன்பே அது 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன பண்ண முடியும்?" பண்ண முடியும். ஆனால் எவ்வளவு தூரம் முடியும் என்பது, வாங்கும்போது நான் என்ன கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள், அது எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பழைய வண்டி, மனை, கடை வாடகை என்று முதல் முறையாகப் பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்காக, கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எல்லாம் இந்தியாவில் நடக்கும் பேரங்களுக்கு. அடிப்படைச் சட்டம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கீழே வெறுமனே 'பிரிவு' என்று சொன்னால் இந்தச் சட்டத்தின் பிரிவு.

படி 1: பேரம் முடிந்ததா என்று பாருங்கள்

ஒருவர் ஒன்றைச் செய்வதாக முன்வர வேண்டும், மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும். இந்த 'அப்படியே' என்ற சொல்லில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் விற்பவர் "3,20,000 கடைசி விலை" என்கிறார். நீங்கள் "3,10,000 என்றால் எடுத்துக்கொள்கிறேன்" என்று போடுகிறீர்கள். அவர் பதில் சொல்லவில்லை. ராத்திரி யோசித்து, காலையில் "சரி, 3,20,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்" என்று அனுப்புகிறீர்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டதா? இல்லை. ஏற்பு முழுமையானதாக, நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7. நீங்கள் 3,10,000 என்று சொன்ன நிமிடமே அவருடைய 3,20,000 விழுந்துவிட்டது. காலையில் நீங்கள் அனுப்பியது உங்களுடைய புது முன்மொழிவு. அவர் அதை ஏற்கலாம், வேறு ஆளுக்கு விற்றுவிட்டு "சாரி பிரதர்" என்றும் அனுப்பலாம்.

அதுபோல, இணையத்தில் 'விற்பனைக்கு' என்று போட்டிருக்கும் விளம்பரம் பொதுவாக உங்களைப் பேரத்துக்கு அழைப்பது மட்டுமே. "நாளைக்குள் பதில் வரலைன்னா நீங்க வாங்கினதா எடுத்துக்குவேன்" என்று யாராவது அனுப்பினால் பதறத் தேவையில்லை. உங்கள் மௌனத்தை ஏற்பாக்க அவரால் முடியாது.

கடையில் காபி குடிக்கும்போது சொல்லும் எல்லா வார்த்தையும் ஒப்பந்தம் இல்லை. இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த பால்ஃபர் என்பவர், இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். பிறகு அனுப்பவில்லை. மனைவி வழக்குப் போட்டார். கணவன் மனைவி பேச்சைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருவருக்குமே இருந்திருக்காது என்று 1919-இல் ஆங்கிலேய நீதிமன்றம் தள்ளிவிட்டது. மச்சானிடம் வண்டி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, மற்ற ஆளிடம் வாங்குவது போலவே எழுதிக்கொள்வது உறவுக்கும் நல்லது.

படி 2: மற்ற உறுப்புகளைச் சரிபாருங்கள்

பிரிவு 10 சொல்வது இது: ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்கள், கட்டாயமோ ஏமாற்றோ இல்லாத இசைவோடு, சட்டப்படியான மறுபயனுக்கு, சட்டப்படியான நோக்கத்துக்குச் செய்துகொள்ளும் உடன்பாடு, சட்டமே செல்லாது என்று சொல்லாதவரை, ஒப்பந்தம்.

மறுபயன் என்றால் பதிலுக்குக் கிடைப்பது. நீங்கள் பணம் தருகிறீர்கள், அவர் வண்டி தருகிறார். அந்தப் பதில், வாக்குக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி நடந்திருந்தால் போதும்; யாரிடமிருந்து வந்தது என்பது இந்தியச் சட்டத்தில் முக்கியமில்லை. இதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. ஒரு அம்மாள் தன் சொத்தை மகளுக்கு எழுதிக்கொடுத்து, தன் உடன்பிறப்புக்கு வருடம் 653 ரூபாய் தர வேண்டும் என்றார். மகளும் சரி என்று எழுதிக்கொடுத்தார். பிறகு அந்த உடன்பிறப்பிடம், "உங்களிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று தர மறுத்தார். அம்மாவிடமிருந்து வந்த சொத்தே போதும், பணத்தைக் கொடு என்றது சென்னை உயர்நீதிமன்றம். ஆண்டு 1882.

விலை நியாயமானதா என்று சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. லட்ச ரூபாய் வண்டியைப் பத்தாயிரத்துக்கு விற்றாலும் ஒப்பந்தம் செல்லும். ஆனால் விலை அவ்வளவு குறைவாக இருந்தால், விற்றவர் மனதார ஒப்புக்கொண்டாரா என்ற சந்தேகம் கோர்ட்டுக்கு வரலாம்.

தகுதிக்கு வருவோம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தெளிந்த மனநிலை வேண்டும். கல்கத்தாவில் 1895-இல் ஒரு மைனர் தன் வீட்டை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குக் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தார். வழக்கு, அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1903-இல் வந்த தீர்ப்பு: மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது. கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டும் பலனில்லை. பதினேழு வயதுப் பையனிடம் பைக் வாங்குகிறவர்கள் அப்பாவைக் கூப்பிடுவது இதனால்தான். ஒப்பந்தத்தின் விவரம் புரியாத அளவுக்குக் குடித்திருப்பவரும் அந்த நேரத்தில் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் முடிந்த பேரத்தை மறுநாள் காலையில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்கும் ஆளும் ஒன்றா என்று பாருங்கள். "அப்பா வண்டி, அவர் தவறிட்டார்" என்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் முன்பணம்கூடத் தராதீர்கள்.

நோக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓர் உதாரணத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒருவர் அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்ல, மற்றவர் அதற்கு 1,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொள்கிறார். இந்த உடன்பாடு செல்லாது. 1872-இலேயே பிரிவு 23-இன் கீழ் எழுதி வைத்திருக்கிறார்கள். தொகை மட்டும்தான் மாறியிருக்கிறது. இப்படிக் கொடுத்த பணத்தை ஒப்பந்தத்தின் பேரில் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

என்ன விற்கப்படுகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 'நூறு டன் எண்ணெய்' என்று மட்டும் எழுதினால் எந்த எண்ணெய் என்று தெரியாது, உடன்பாடு செல்லாது. விற்பவர் தேங்காய் எண்ணெய் வியாபாரம் மட்டுமே செய்பவர் என்றால் செல்லும். வண்டிக்கு என்றால் பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

ஸ்டாம்ப் பேப்பர் இருந்தால்தான் ஒப்பந்தம் என்பது நம்மிடம் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாக உருவானது என்பதற்காகவே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 10அ சொல்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மனை, வீடு விற்பனைக்குப் பதிவு கட்டாயம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு வேண்டும். இப்படி எழுத்தோ பதிவோ கட்டாயம் என்று சட்டமே சொல்லும் இடங்கள் போக, மற்றதில் சிக்கல் செல்லுபடியில் இல்லை, நிரூபிப்பதில் இருக்கிறது.

படி 3: இசைவு எப்படி வந்தது என்று கேளுங்கள்

மிரட்டி வாங்கிய கையெழுத்து, தன்னை நம்பி இருப்பவர்மீதுள்ள செல்வாக்கைப் பயன்படுத்தி வாங்கிய கையெழுத்து, ஏமாற்றி வாங்கியது, தெரியாமல் சொன்ன பொய்யால் வந்தது, இரண்டு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டது என்று ஐந்து வகையில் இசைவு கெடும். கடைசி வகையில் ஒப்பந்தமே செல்லாது. மற்ற நான்கிலும் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம், விரும்பாவிட்டால் அப்படியே தொடரலாம். இந்த வித்தியாசம் படி 6-இல் தேவைப்படும்.

மிரட்டலுக்கு இரண்டு சென்னை வழக்குகள். 1889-இல் வந்தது: கணவனை இழந்த 13 வயதுப் பெண், ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதிக்கும்வரை பிணத்தை எடுக்க விடமாட்டோம் என்று உறவினர்கள் நின்றார்கள். அந்தத் தத்து செல்லவில்லை. 1917-இல் வந்தது: தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் விடுதலைப் பத்திரம் (சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கினார். அதுவும் வற்புறுத்தல்தான் என்றது நீதிமன்றம். வண்டி சந்தையில் இப்படியெல்லாம் நடக்காது. அங்கே நடப்பது பொய்.

படி 4: பொய்யைத் தரம் பிரியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஏமாந்தவர்கள் எல்லோரும் "பொய் சொல்லிட்டான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சட்டத்துக்கு அது நாலைந்து வேறு வேறு சங்கதிகள்.

முதலில் வெறும் வியாபாரப் பேச்சு. "சும்மா கும்முனு போகும்", "ராசியான வண்டி", "இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது." இவற்றை நம்பி வாங்கினேன் என்று கோர்ட்டில் போய்ச் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

அடுத்து கருத்து. நியூசிலாந்தில் ஒருவர் நிலம் விற்கும்போது, 2,000 ஆடுகளை இது தாங்கும் என்றார். தாங்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் அதற்கு முன் யாரும் ஆட்டுப்பண்ணை நடத்தியதில்லை என்பது இருவருக்கும் தெரியும். எனவே அவர் சொன்னது மதிப்பீடு, தகவல் இல்லை என்று 1927-இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. "லிட்டருக்கு 18 கொடுக்கும்னு நினைக்கிறேன்" என்பது இந்த வகைக்குப் பக்கம். "நான் போன மாசம் டேங்க் நிரப்பி அளந்தேன், 18 கொடுத்துச்சு" என்பது தகவல். அளந்தே பார்க்கவில்லை என்றால், பொய்.

தகவல் பொய்யானால் அடுத்த கேள்வி, சொன்னவருக்குத் தெரியுமா? விற்றவரே மீட்டரைத் திருப்பினார் என்றால், அல்லது திருப்பியது தெரிந்தே 41,000 என்றார் என்றால், அது பிரிவு 17-இன் மோசடி. அவரும் இன்னொருவரிடம் அப்படியே ஏமாந்து வாங்கியவர், மனதார நம்பித்தான் சொன்னார் என்றால், அது பிரிவு 18-இன் தவறான எடுத்துரைப்பு. சொன்னவரின் மனசு சுத்தம் என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. அப்போதும் ரத்து செய்யலாம். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்குறுதியும் மோசடிதான். "ஒரு மாசத்துல என்.ஓ.சி. (கடன் பாக்கி இல்லை என்ற வங்கிச் சான்று) வாங்கித் தர்றேன்" என்று, வங்கியில் தவணையே கட்டாதவர் சொல்வது போல.

அப்படியானால் எந்த வகை என்று பார்ப்பானேன்? காரணம் பிரிவு 19-இல் இருக்கும் ஒரு விலக்கு. தெரியாமல் சொன்ன பொய்யோ, மௌனத்தால் செய்த மோசடியோ என்றால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில் உங்களுக்கு ரத்து உரிமை கிடையாது. தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு இந்த விலக்கு இல்லை. ஏமாற்றியவன் "நீ சரியாப் பார்த்திருக்கணும்" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் பொய்யை நம்பித்தான் வாங்கியிருக்க வேண்டும். சட்டத்தில் இருக்கும் அவுரி உதாரணம் இதற்கு. அவுரிச் சாயத் தொழிற்சாலை விற்பவர், வருடம் 500 மணங்கு (பழைய எடை அளவு) உற்பத்தியாகிறது என்று நம்ப வைக்கிறார். வாங்குபவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார், 400 என்று இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் வாங்குகிறார். இனி அவர் ரத்து செய்ய முடியாது. சர்வீஸ் கணக்கைப் பார்த்துவிட்டு, விலை குறைவு என்று வாயை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களும் இந்த அவுரிக்காரர்தான்.

இனி மௌனம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். ஒருவர் குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். குறை அவருக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி இல்லை என்று பிரிவு 17-இன் உதாரணம் நேரடியாகச் சொல்கிறது! அதே குதிரையை, அப்போதுதான் வயதுக்கு வந்த தன் மகளுக்கு விற்றால் சொல்லியாக வேண்டும். அந்த உறவு அப்படி. மூன்றாவது உதாரணம்தான் நமக்கு. வாங்குபவர், "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

அதாவது, கேட்காவிட்டால் அவர் சொல்லத் தேவையில்லை. கேட்டுவிட்டால் பொய் சொல்ல முடியாது, பேசாமலும் இருக்க முடியாது. கேள்வி கேட்பதை நாம் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம், "பெரிய மனுஷர்கிட்ட எப்படிங்க கேக்குறது" என்று. சட்டம் கேள்வி கேட்டவருக்குத்தான் துணை நிற்கிறது.

சில இடங்களில் கேட்காமலே சொல்லியாக வேண்டும். மனை விற்பவர், வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் தானாகவே சொல்ல வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55 சொல்கிறது. காப்பீட்டில் சொல்ல வேண்டியவர் நாம். சர்க்கரை நோயை மறைத்து ஆயுள் காப்பீடு எடுத்தால் நிறுவனம் பாலிசியை மறுக்கலாம். மூன்று ஆண்டு கடந்த பிறகு எந்தக் காரணத்துக்காகவும் ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டம் பிரிவு 45 சொல்கிறதே என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அந்த மூன்று ஆண்டுக்குள் ஏதாவது ஆனால் குடும்பம் தெருவில் நிற்கும்.

சொன்னபோது உண்மை, கையெழுத்துப் போடும்போது பொய் என்றும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஒரு டாக்டர் தன் கிளினிக்கை விற்கப் பேசியபோது ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் என்றார், அது சரியாகவே இருந்தது. பிறகு அவர் படுத்துவிட்டார். சில மாதம் கழித்து ஒப்பந்தம் போட்டபோது வருமானம் ஏறக்குறைய இல்லை. சொல்லவில்லை. நிலைமை மாறியதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று 1936-இல் தீர்ப்பு. முன்பணம் கொடுத்து இரண்டு மாதம் கழித்துப் பத்திரம் போடுகிறவர்கள், பத்திரத்தன்று பழைய கேள்விகளை மறுபடி கேளுங்கள்.

படி 5: கேளுங்கள், சரிபாருங்கள், எழுதுங்கள்

பழைய வண்டிக்கு நான் இப்போது கேட்பவை: எத்தனையாவது ஓனர், மீட்டர் மாற்றியதுண்டா, பெரிய விபத்து நடந்ததா, வெள்ளத்தில் நின்றதா, கடன் பாக்கி உண்டா, வழக்கு அல்லது அபராதம் நிலுவையில் உண்டா. நேரில் கேட்ட பிறகு அன்றைக்கே வாட்ஸ்அப்பில், "சார், காலையில் நீங்கள் சொன்னபடி வண்டி 41,000 கிலோமீட்டர்தான் ஓடியது, வெள்ளத்தில் நிற்கவில்லை, கடன் இல்லை. இதை நம்பித்தான் முன்பணம் அனுப்புகிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்" என்று போட்டுவிடுங்கள். குதிரைக்காரரின் மூன்றாவது உதாரணத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் "ஓகே சார்" என்று வரும். அந்த ஓகே மதிப்புள்ளது.

சரிபார்ப்பதும் உங்கள் வேலைதான். எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி. விவரங்களையும் காப்பீட்டு நிலையையும் பார்க்கலாம். கடன் இருந்தது என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். சென்னை வண்டி என்றால், 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவிருக்கட்டும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். சீட்டைத் துவைத்து, கார்ப்பெட்டை மாற்றி, டாஷ்போர்டைப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

பிறகு டெலிவரி நோட். அச்சடித்த டெலிவரி நோட்டில் "வண்டியை ஓட்டிப் பார்த்து முழுத் திருப்தியுடன் வாங்குகிறேன், பின்னால் எந்த ஆட்சேபணையும் செய்ய மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த வரி மோசடியை மூடி மறைத்துவிடாது, ஆனாலும் உங்கள் வழக்கைக் கடினமாக்கும். அதை அடித்துவிட்டு இருவரும் சுருக்கொப்பம் (இனிஷியல்) வையுங்கள். அல்லது கீழே கையால் எழுதுங்கள்: "இவ்வண்டி இதுவரை ஓடிய தூரம் ______ கிலோமீட்டர். மீட்டர் மாற்றப்படவில்லை. வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, பெரிய விபத்துக்கு உள்ளானதில்லை, இதன்மீது கடன் பாக்கி இல்லை. விற்பவர் தரும் இந்த உறுதியை நம்பியே வாங்குபவர் இவ்வண்டியை வாங்குகிறார்." 'நம்பியே' என்ற சொல் விட்டுப்போக வேண்டாம். பொய்தான் உங்களை வாங்கவைத்தது என்பதற்குச் சாட்சி அந்த ஒரு சொல்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இது ஒரே மாநிலத்துக்குள் விற்றால். விற்கிறவர்களுக்கும் இது முக்கியம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருக்கும் ஓனர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படி 6: பொய் தெரிந்த நாளிலிருந்து

முதல் வேலை, வண்டியை ஓரமாக நிறுத்துவது. உண்மை தெரிந்த பிறகும் ஜாலியாக ஊட்டிக்கு ஓட்டிப் போனால், தெரிந்தே ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். வேறு ஒருவருக்கு விற்றாலும் அப்படித்தான்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ரத்து: வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது. நீங்கள் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 64. ஒப்பந்தம் நிறைவேறாததால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்பையும் கேட்கலாம் என்பது பிரிவு 75. இரண்டாவது, வண்டியை வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பேனோ அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவா என்று கேட்பது. நடைமுறையில் விலை வித்தியாசத்தைக் கேட்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது.

எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். நோட்டீசில் 'ஏமாற்றிவிட்டார்' என்று பொதுவாக எழுதினால் போதாது. மோசடி என்று வழக்குப் போடும்போது எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார், உண்மை என்ன என்று விவரம் தர வேண்டும் என்பது சிவில் நடைமுறை விதி. ஆகவே பேசிய தேதிகள், வாட்ஸ்அப் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீது, சர்வீஸ் கணக்கு, மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கை எல்லாவற்றையும் சேருங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

ரத்து கோரி சிவில் கோர்ட்டுக்குப் போக, உண்மை தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டு காலம் உண்டு. விற்றது வியாபாரமாகச் செய்யும் நிறுவனம், நீங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் எளிது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கே போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது. போலீஸ் புகார் என்றால் முன்பு 420 என்று சொன்னது, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். வெறும் பணத் தகராறைக் கொண்டுபோனால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். பெரும்பாலும் அது சரியும்கூட.

என் விஷயத்தில், "ஓனர் சொன்னதத்தான் நான் சொன்னேன்" என்றார் புரோக்கர். "நான் எதுவும் சொல்லலையே, புரோக்கர்தான் பேசினார்" என்றார் ஓனர். பார்த்தால் யாருமே சொல்லாத பொய் அது. முகவர் தன் முதலாளிக்காகத் தொழிலில் இருக்கும்போது சொல்லும் பொய், முதலாளியே சொன்னதற்குச் சமம் என்ற பிரிவு 238-ஐ நோட்டீசில் ஒரு பத்தியாக வக்கீல் எழுதினார். மூன்று வாரம் கழித்து ஓனர் கூப்பிட்டார். என்னிடம் எழுத்தில் இருந்தது புரோக்கர் அனுப்பிய "41கே டிரிவன் டாக்டர் ஓன்ட்" என்ற ஒரே ஒரு குறுஞ்செய்தி. அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் அவர் கூப்பிட்டிருக்க மாட்டார். வண்டியை நான் வைத்துக்கொள்வது, அவர் 40,000 ரூபாய் திருப்பித் தருவது என்று முடிந்தது.

அந்த வண்டியை இரண்டு வருடம் கழித்து விற்றேன். மீட்டர் 63,000 காட்டிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் குதிரைக்காரர் மாதிரி தப்பித்துவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் பொய் எண்ணைக் காட்டும் மீட்டரை எதிரில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது வெறும் மௌனம் ஆகாது, மீட்டரே பேசிக்கொண்டிருக்கிறது. டெலிவரி நோட்டில், "மீட்டர் எண் சரியானதல்ல, எனக்கு விற்கப்படுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே வண்டி 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது" என்று எழுதி, சர்வீஸ் கணக்கின் நகலையும் கொடுத்தேன். வாங்க வந்தவர் இரண்டு முறை படித்தார். "இதையெல்லாம் நீங்களா எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பேசிய விலையில் 15,000 குறைத்துத்தான் எடுத்துப் போனார்.